என் ஏசி ஒரு சோம்பேறி

அக்னி நட்சத்திரம் மே மாதத்தோடு முடிந்துவிடும் என்று பஞ்சாங்கம் சொல்லும். திருவான்மியூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்தால் அது மார்ச்சிலேயே வந்து செப்டம்பர் வரை தங்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், நள்ளிரவு தாண்டியும் அதை அறைக்குள் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கூரைக்கடியில் இன்று நான் போர்வை தேடுகிறேன் என்றால், காரணம் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டிதான். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது உட்காருங்கள்.

முதலில் அதன் சோம்பேறித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய ஏசிக்குத் தெரிந்தது இரண்டே வேலை: முழு மூச்சில் ஓடுவது, படாரென்று நிற்பது. கம்ப்ரெசர் கிளம்பும்போதெல்லாம் டியூப் லைட் ஒரு கணம் மங்கும். இன்வெர்ட்டரில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே மாற்றி, கம்ப்ரெசரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். வீட்டு ஏசியில் 1981-இல் இதை முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் தோஷிபா. என்னுடையது முதல் அரைமணி நேரம் ஆவேசமாக உழைக்கும். அறை குளிர்ந்ததும் வேகத்தை இறக்கிக்கொண்டு, விடிய விடிய ஆடி அசைந்து ஓடும். ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு மாமியார் அடிக்கடி ரிமோட்டைப் பார்ப்பார். சத்தம் போடும் பாதி, அதாவது கம்ப்ரெசர், வெளியே இருக்கிறதே! ஸ்பிளிட்டின் பாதி சுகம் அங்கேதான்.

இன்னொரு வியப்பு, அந்த ஸ்டார் லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தைத் தூக்கி வெளியே போடுகிறது, அவ்வளவுதான். அந்த எண் 5 என்றால், ஓர் ஆண்டுச் சராசரியில் ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து ஐந்து யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று பொருள். ஒன்றுக்கு ஐந்து! எந்தக் கடையில் கிடைக்கும் இந்த வியாபாரம்? 3.8 உள்ள மெஷின் அதே வேலைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மின்சாரம் கேட்கும். லேபிளில் உள்ள ஆண்டு மின்செலவு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. சென்னையில் இரவெல்லாம் போடுகிறவர்கள் அதை எளிதாகத் தாண்டுவோம், ஆகவே வித்தியாசம் நமக்கு இன்னும் பெரிது. நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் இறங்கிவிடும். எண்ணைப் பாருங்கள்.

டன் விஷயத்தில் கடைக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். "ரெண்டு டன்னா போட்டுக்குங்க மேடம், ஜில்லுனு இருக்கும்" என்பார்கள். ஒரு டன் என்பது ஒரு நாளில் சுமார் 900 கிலோ ஐஸ் உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை இழுக்கும் வலு. சாதாரண 120 சதுர அடி அறைக்கு அதுவே தாராளம். எனக்கு 150 சதுர அடி, மேலே மொட்டை மாடி, மேற்குப் பக்கம் சுவர், அதனால் ஒன்றரை. அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்கினால் அறை சட்டென்று குளிர்ந்து மெஷின் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் மட்டும் அப்படியே நிற்கும். கடற்கரை ஊரில் நம்மை வதைப்பது அந்த ஈரம்தானே? 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக இந்த வித்தையைத் தொடங்கியதே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். மெதுவாக, நிற்காமல் ஓடும் மெஷின் அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டே இருக்கும். பால்கனி வாளியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் எனக்குப் பரம திருப்தி.

எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நான் விழுந்து விழுந்து புகழப்போவது அதை மாட்டிய தம்பியை. வந்தவுடன் டிரில்லை எடுக்கவில்லை. அவுட்டோர் யூனிட்டுக்கு இடம் தேடினார். கிரில்லுக்குள் அடைத்து வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும் என்று சொல்லி, வடக்குச் சுவரில் காற்றோட்டமாக ஸ்டாண்ட் அடித்தார். உப்புக் காற்றுக்காகக் காயில் காப்பர்தானா, மேலே பூச்சு இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்தார். டிரெயின் பைப்புக்கு வாட்டம் சரியா என்று ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து, பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்கம் பம்ப்பை எடுத்தாரே, அப்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

"சில பேர் இதைப் போடாம, கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு, பைப்பில இருக்கிற காத்தை ஊதித் தள்ளிட்டுப் போயிடுவாங்க அக்கா. உள்ள ஈரம் தங்கிட்டா கம்ப்ரெசர் சீக்கிரம் போயிடும்" என்றார். பம்ப் ஓடி முடிந்து, மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்த பிறகுதான் வால்வைத் திறந்தார். நீங்கள் ஏசி வாங்கினால் பேரம் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வாக்கம் போடுவார்களா என்று கேளுங்கள். காப்பர் பைப் பெட்டியோடு எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் 3 மீட்டர், அதற்கு மேல் தனிக் காசு.

இப்போது 26-இல் வைத்து, மேலே ஃபேனை இரண்டில் விட்டுத் தூங்குகிறோம். டிகிரிக்கு ஆறு சதவீதம் மிச்சம் என்பது அரசின் மின் சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. நம் ஊர் இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்பின் விலையும் சேர்ந்து ஏறும், ஆகவே ஒவ்வொரு டிகிரியும் எனக்குப் பொன். "ஏசின்னா காலு குடையும்" என்ற மாமியார், மதியத் தூக்கத்தையும் எங்கள் அறைக்கே மாற்றிக்கொண்டாயிற்று. ஃபில்டரை நான் கழுவ மறந்தாலும் அவர் ஞாபகப்படுத்திவிடுவார்.

அடுத்தது மொட்டை மாடி. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்துவிட்டால் என் சோம்பேறிக்கு வேலை இன்னும் குறையும். பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், சித்திரைக்கு முன்னால் வருகிறார்.