2024: எனக்குப் பிடித்த ஐந்து படங்கள்

ஆண்டு முடிந்ததும் அவ்வாண்டில் வாசித்த நூல்களைப் பட்டியலிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பார்த்த படங்களைப் பட்டியலிடும்போது மட்டும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. கவிதையையும் சிறுகதையையும் உள்ளே அழைத்து உட்கார வைத்த நமது இலக்கிய வட்டம், சினிமாவை இன்னமும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. "இதெல்லாம் நமக்கெதற்கு?" என்று கேட்பவர்களே, ஏதோவொரு படத்தில் முஸ்லிம்களை இழிவாகக் காட்டிவிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடன் முதலில் கொதித்தெழுபவர்களாகவும் இருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் படத்தைப் பாராமலேயே.

நான் அந்த வாசலைத் தாண்டி வெகுகாலமாகிறது. ஒரு ரசிகன் என்ற நிலையில் 2024ஆம் ஆண்டின் படங்களுள் என் மனதில் நின்ற ஐந்தைப் பற்றி இங்கு எழுதுகிறேன். சில படங்கள் என் கைக்கு வந்துசேர 2025 நடுப்பகுதியாகிவிட்டது. தாமதமும் நன்மையே செய்தது. விழா ஆரவாரங்கள் அடங்கிய பின்னரும் எவை எஞ்சி நிற்கின்றன என்று பார்க்க முடிந்தது.

முதலில் பட்டியலில் இடம்பெறாத ஒரு படத்தைச் சொல்லிவிட வேண்டும். 2024 தீபாவளிக்கு வெளிவந்த 'அமரன்'. 2014இல் காஷ்மீரின் சோபியானில் கொல்லப்பட்ட இந்திய இராணுவ அதிகாரி முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொல்லும் படம். ராஜ்குமார் பெரியசாமியின் நெறியாள்கை, கமல்ஹாசனின் தயாரிப்பு. முகுந்தின் மனைவி இந்துவாகச் சாய் பல்லவி நடித்திருக்கும் விதம் கல்லையும் கரைக்கும். என் கண்களும் கலங்கின, மறைப்பதற்கில்லை. ஓர் இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் குடும்பத்தை வென்று மணமுடிக்கும் பகுதியில் எவ்வளவு பரிவு! ஆனால் கதை காஷ்மீருக்குப் போனதும் அந்தப் பரிவு வற்றிவிடுகிறது. அங்குள்ள மனிதர்கள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தியோ கல்லெறிந்தோதான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சமையலறை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, ஒரு காதல் இல்லை. தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் இப்படத்துக்கெதிராக ஆர்ப்பாட்டம் செய்தன. ஆர்ப்பாட்டத்தால் ஒரு படத்தைத் திருத்திவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். அதற்கு நல்ல படமொன்றே பதில். அந்தப் பதில்களையும் அதே ஆண்டே தந்திருக்கிறது.

பாயல் கபாடியாவின் 'ஒல் வீ இமெஜின் அஸ் லைட்' அவற்றுள் ஒன்று. மலையாளத்தில் 'பிரபயாய் நினைச்சதெல்லாம்'. 1994இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' போட்டியிட்டதற்குப் பின், முப்பது ஆண்டுகள் கழித்துக் கேன்ஸ் விழாவின் பிரதான போட்டிக்குத் தெரிவான இந்தியப் படம் இது. அங்கு இரண்டாவது உயர்ந்த விருதையும் பெற்றது. மும்பையில் ஒரே வீட்டில் வசிக்கும் இரண்டு மலையாளத் தாதியர். அவர்களோடு வேலை செய்யும், கையில் ஓர் ஆவணம் இல்லாததால் குடியிருந்த வீட்டை இழக்கும் பார்வதி என்ற சமையற்காரப் பெண். மூத்த தாதி பிரபாவின் கணவன் ஜேர்மனியில். அவனிடமிருந்து ஒரு நாள் கடிதமில்லை, குரலில்லை, ஒரு சோறாக்கும் மின்பானை மட்டும் வந்து சேர்கிறது. அந்தப் பானையைப் பிரபா தன்னோடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி நம்மூர்ப் பெண்களுக்கு விளக்கமின்றியே விளங்கும். மத்திய கிழக்கிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்த வீடுகள்தானே நமது வீடுகளும்.

இளைய தாதி அனு காதலிப்பது ஷியாஸ் என்ற முஸ்லிம் பையனை. அவன் தியாகியுமல்ல, வில்லனுமல்ல. காதலியோடு தனித்திருக்க ஓரிடம் கிடைக்காமல் திண்டாடுகிற சாதாரணப் பையன். அவனுடைய பகுதிக்குப் போவதற்காக அனு ஒரு புர்கா வாங்கி அணிந்துகொள்கிறாள். மழையினால் புகையிரதம் ஓடவில்லை. போக முடியவில்லை. இவ்வளவுதான் சம்பவம். நம்மவர் சிலருக்கு இக்காட்சி நெருடலாம். எனக்கும் முதலில் நெருடியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் அவசரகால விதிகளின் கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்டபோது, அந்தத் துணியைத் தெருவில் எல்லோரும் எப்படிப் பார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியும். இந்தப் படத்தில்தான் அது பயமாகவும் காட்டப்படாமல் பரிதாபமாகவும் காட்டப்படாமல் ஒரு பெண்ணின் ஆடையாக மட்டும் வருகிறது. நெறியாளர் அதற்குக் கருத்துரை வழங்கவில்லை. நம்மைப் புகழும்படி நான் சினிமாவைக் கேட்கவில்லை. இந்த இயல்பைத்தான் கேட்கிறேன்.

தமிழில் வந்தவற்றுள் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யை முன்வைக்கிறேன். 2021இல் 'கூழாங்கல்' மூலம் ரொட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றவர் அவர். பேர்லின் விழாவில் முதலில் திரையிடப்பட்ட இப்படம் 2024 ஓகஸ்ட் 23ஆம் திகதி வெளிவந்தது. வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுசெய்து, குடும்பமே ஓர் ஓட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறது. பலியிடுவதற்கு ஒரு சேவலும் கூடவே பயணம் செய்கிறது. பின்னணி இசை அறவேயில்லை. அன்னா பென் ஏறத்தாழப் படம் முழுவதும் பேசுவதில்லை. அந்த மௌனத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. எங்கோ ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டை மீனா முணுமுணுத்ததும், மணமுடிக்கவிருக்கும் பாண்டி வெறிகொண்டு அவளையும் தடுக்கவந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறான். தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிய சூரியை இனி எவரும் வெறும் சிரிப்பு நடிகராகக் கருத முடியாது.

இது மதுரைப் பக்கத்துச் சாதிக் கதை, நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்பிள்ளை வாய் திறந்தால் 'ஜின்' என்றும் வாய் மூடினால் 'செய்வினை' என்றும் தகடு எழுதித் தண்ணீர் ஓதக் கொண்டுபோன கதைகள் நமது ஊர்களிலும் உண்டு. எனினும் படத்தின் முடிவை எல்லோரும் சிலாகித்த அளவுக்கு என்னால் சிலாகிக்க முடியவில்லை. கேள்வியைப் பாண்டியின் முகத்தில் விட்டுவிட்டு விலகுகிறார் வினோத்ராஜ். அது மீனாவின் கதை. கடைசிக் கணத்தை அவளுக்கே கொடுத்திருக்கலாம். இன்னொன்று: இந்தப் படத்தைத் தயாரித்தது 'அமரன்' நாயகன் சிவகார்த்திகேயனின் நிறுவனம். ஒரே ஆண்டில் ஒரே மனிதரிடமிருந்து இரண்டும் வந்திருக்கின்றன. ஆட்களை ஒட்டுமொத்தமாக ஏற்கவோ நிராகரிக்கவோ கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது நம் நாட்டு நெறியாளருடையது. பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்'. 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்று, 2024 ஜூனில் இந்தியாவில் வெளியானது. 2022இன் எரிபொருள் வரிசைகளுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே, இராமாயணத் தலங்களைப் பார்க்க வரும் கேரளத் தம்பதியர் மலைநாட்டில் தங்குகிறார்கள். அவர்களுடைய மடிக்கணினியும் கைத்தொலைபேசிகளும் களவு போகின்றன. பொலிஸ் தோட்டத்துத் தமிழ் இளைஞர் மூவரைப் பிடித்து வருகிறது. இருட்டில் சரியாகப் பார்க்காத முகங்களைக் கணவன் அடையாளம் காட்டுகிறான். மனைவி அம்ரிதாவுக்குச் சந்தேகம். மூவரில் ஒருவன் தடுப்புக் காவலில் இறந்துபோகிறான். பொலிஸ் சார்ஜன்டாக வரும் மகேந்திர பெரேராவின் நடிப்பில் கொடூரமில்லை. கடமை முடிக்கிற அவசரம் மட்டுமே இருக்கிறது. அதுதான் பயங்கரம். 'புரஹந்த களுவர' எடுத்து, 2000இல் தடைசெய்யப்பட்டு, நீதிமன்றம் சென்று வென்ற கலைஞர் இவர். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் யாருக்காகப் பேச வேண்டும் என்பதில் அவருக்குத் தடுமாற்றமில்லை. 'அவன்தான்' என்று நீளும் ஒரு விரலுக்கு எவ்வளவு விலை என்பதை, 2019க்குப் பின் சந்தேகத்தின் பேரில் தடுத்து வைக்கப்பட்டவர்களின் வீடுகளைக் கேட்டால் தெரியும்.

நான்காவது, முஹம்மத் ரசூலோபின் 'த சீட் ஒஃப் த சேக்ரட் ஃபிக்'. ஈரானியப் படங்கள் மீது நம்மவருக்கு ஒரு பிரியமுண்டு. மஜீத் மஜீதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' (1997) பற்றி எழுதாத சஞ்சிகை நம்மிடையே குறைவு. ஆபாசமற்ற, குழந்தைகள் நிறைந்த அந்தப் படங்களை நாம் பெருமையோடு பிறருக்குக் காட்டினோம். ரசூலோப் அந்தச் சௌகரியத்தைக் கலைத்துவிடுகிறார். இரகசியமாக எடுக்கப்பட்ட படம் இது. எட்டாண்டுச் சிறையும் கசையடியும் விதிக்கப்பட்ட நிலையில், அவர் நாட்டை விட்டுத் தப்பி வந்து 2024 மே மாதம் கேன்ஸில் நின்றார்.

விசாரணை நீதிபதியாகப் பதவி உயர்வு பெறுகிறவர், வழக்கைப் படிக்க அவகாசமின்றி மரண தண்டனைகளில் ஒப்பமிட வேண்டியவராகிறார். வீதியில் 2022இன் போராட்டம். வீட்டில் மனைவியும் இரு பெண்மக்களும். ஒரு நாள் அவரது கைத்துப்பாக்கி காணாமற்போக, வீடே விசாரணைக் கூடமாகிறது. அவருடைய பெயர் ஈமான். அந்தப் பெயரைக் கேட்கும்போது மேற்கத்தேய பார்வையாளனுக்கு ஒன்றும் தோன்றாது. நமக்கு நெஞ்சில் தைக்கும். காயப்பட்டு வந்த மகளின் தோழியின் முகத்திலிருந்து தாய் நஜ்மா சன்னங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கும் காட்சி படத்தின் உயிர். அதுவரை அரசாங்கத் தொலைக்காட்சியை நம்பியவள் அவள். கடைசி அரைமணி நேரத் துரத்தல் வழமையான திகில் படத்துக்குரியது. அங்கே படம் இளைத்துப் போகிறது. இதை இஸ்லாத்துக்கெதிரான படம் என்று சொல்வோர் உண்டு. படம் எங்கும் தொழுகையைக் கேலி செய்யவில்லை. தொழுதுவிட்டு வந்து படிக்காமலே ஒப்பமிடுகிற கையைத்தான் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியை நமது மார்க்கமும் கேட்கும்.

என் பட்டியலில் முதலிடம் 'நோ அதர் லேண்ட்' என்ற ஆவணப்படத்துக்கு. பலஸ்தீனர்களான பாசில் அத்ரா, ஹம்தான் பல்லால், இஸ்ரேலியர்களான யுவால் ஆபிரகாம், ரேச்சல் சோர் ஆகிய நால்வரும் சேர்ந்து எடுத்தது. மேற்குக் கரையின் தெற்கேயுள்ள மசாபர் யத்தா கிராமங்களை இராணுவப் பயிற்சிக் களம் எனச் சொல்லி இடிக்கிறார்கள். 2022இல் இஸ்ரேலிய உயர்நீதிமன்றமும் வெளியேற்றத்துக்கு அனுமதி வழங்கியது. புல்டோசர் வருகிறது, வீடு விழுகிறது, மக்கள் குகைக்குள் போகிறார்கள், இரவில் மறுபடி கட்டுகிறார்கள், புல்டோசர் மறுபடி வருகிறது. கிணற்றில் சீமெந்தை ஊற்றுகிறார்கள். டொனி பிளேயர் ஏழு நிமிடம் நடந்துபோன தெருவின் இடிப்புக் கட்டளைகள் மட்டும் நீக்கப்பட்டதைப் பாசில் சொல்லும்போது அரசியல் பாடம் வேறு தேவையில்லை. மஞ்சள் இலக்கத் தகடுள்ள யுவாலின் கார் எங்கும் போகலாம். பச்சைத் தகடுள்ள பாசிலால் போக முடியாது. இருவரும் நண்பர்கள். அந்த நட்பின் நடுவே அந்தத் தகடுகள் எப்போதும் இருக்கின்றன. படம் அதை மறைக்கவில்லை.

2025 மார்ச்சில் இதற்கு ஒஸ்கார் கிடைத்தது. அதே மாதம் ஹம்தான் பல்லால் குடியேற்றவாசிகளால் தாக்கப்பட்டு, இராணுவத்தால் தடுத்து வைக்கப்பட்டார். படத்துக்கு உதவிய அவ்தா ஹதாலீன் ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விருது ஒரு வீட்டையும் காப்பாற்றவில்லை. அப்படியானால் இந்தக் கமராவால் என்ன பயன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

பதில் பலஸ்தீனத்திலிருந்து வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதைப் பற்றிய கவிதைகளை வாசித்திருக்கிறேன், சிறுகதைகளை வாசித்திருக்கிறேன், புத்தளத்து முகாம்களில் வாய்வழி கேட்டுமிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தின் ஓர் அசையும் காட்சியைக்கூட இதுவரை நான் கண்டதில்லை. வீட்டுச் சாவியை எங்கே வைத்தார்கள், யார் கடைசியாகக் கதவைச் சாத்தினார்கள், பள்ளிவாசல் முற்றத்தில் எந்தப் பிள்ளை அழுதது என்பதெல்லாம் சொல்பவரோடு போய்க்கொண்டிருக்கின்றன. பாசிலின் பேரப்பிள்ளைகளிடம் ஒருநாள் எவரும் 'அப்படியொன்று நடக்கவில்லை' என்று சொல்லிவிட முடியாது. நமது பேரப்பிள்ளைகளிடம் சொல்லலாம்.

சினிமாவை வாசலில் நிறுத்திவைத்ததன் நட்டம் இதுதான். நமது பிள்ளைகளின் கைகளில் இன்று கமரா இருக்கிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தை நேரில் கண்ட உம்மாமார் சிலர் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் யாராவது போய் உட்கார்ந்து படம் பிடித்தால், வருகிற ஆண்டொன்றில் இந்தப் பட்டியலின் முதலிடத்தை அதற்குக் கொடுக்க நான் காத்திருக்கிறேன்.