சொல்லைச் சான்றாக ஏற்ற தீர்ப்பு

நாடுகளுக்கிடையே சட்டம் எங்கிருந்து பிறக்கிறது? சர்வதேச நீதிமன்றச் சட்டவிதிகளின் 38-ஆவது பிரிவு விடை தருகிறது: உடன்படிக்கைகள், வழக்காறு, பொதுவான சட்டக் கொள்கைகள்; துணைக்குத் தீர்ப்புகளும் அறிஞர் நூல்களும். 1920-இல் உருவான இந்தப் பட்டியல், 'நாகரிக நாடுகள்' என்ற காலனிய வாடையோடு இன்றும் பெரிதும் அப்படியே இருக்கிறது. உடன்படிக்கையில் கையெழுத்தைக் காட்டிவிடலாம். வழக்காற்றில்தான் வம்பு. நாடுகள் பரவலாக ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அது சட்டக் கடமை என்று கருதியே, அதாவது சட்ட உணர்வோடு, நடந்துகொள்ளவும் வேண்டும். இந்த இரண்டையும் நிரூபிப்பதில் நீதிமன்றம் ஒரே அளவுகோலைப் பிடிக்கவில்லை.

1969-இல் வடகடல் கண்டத்திட்டு வழக்கு. கடற்கரைகளிலிருந்து சம தூரத்தில் எல்லைக்கோடு இழுப்பது வழக்காறாகிவிட்டது என்று டென்மார்க்கும் நெதர்லாந்தும் வாதிட்டன. மேற்கு ஜெர்மனி மறுத்தது. நீதிமன்றம் உதாரணங்களை எண்ணிப் பார்த்தது. காட்டப்பட்டவை ஏறத்தாழ பதினைந்து. அவற்றில் பாதிக்கு மேல் 1958 ஜெனீவா கண்டத்திட்டு உடன்படிக்கையில் சேர்ந்த, அல்லது சேரவிருந்த நாடுகளுடையவை. அவை உடன்படிக்கைப்படி நடந்திருக்கலாம். அதை வைத்து வழக்காறு உண்டென்று சொல்ல முடியாது என்று வாதத்தைத் தள்ளியது. கறாரான தீர்ப்பு.

பதினேழு ஆண்டுகள் கழித்து நிகரகுவா வழக்கு. அந்நாட்டுத் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும் அதன் அரசை எதிர்த்த காண்ட்ரா படைக்கு உதவியதும் அமெரிக்கா மீதான குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை. பலதரப்பு உடன்படிக்கைகள் குறித்து அமெரிக்கா முன்பே வைத்திருந்த நிபந்தனையால், ஐ.நா. சாசனத்தை நேரடியாகப் பயன்படுத்த வழியில்லை. சாசனத்திலுள்ள பலப்பிரயோகத் தடை விதியையே நீதிமன்றம் வழக்காற்றில் கண்டெடுத்தது. இதைத் தந்திரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு விதி சாசனத்தில் ஏறியதால் வழக்காற்றில் அது இறந்துவிடாது.

நிரூபணம்தான் உறுத்துகிறது. நாடுகள் உண்மையில் எப்படி நடந்துகொண்டன என்ற கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் இல்லை. ஐ.நா. பொதுச்சபையின் 1970-ஆம் ஆண்டு 2625-ஆம் தீர்மானம் போன்றவற்றுக்கு நாடுகள் அளித்த ஒப்புதலே சட்ட உணர்வுக்குச் சான்றாயிற்று. மாறுபட்ட கருத்து எழுதிய நீதிபதி ஜென்னிங்ஸ் சரியான இடத்தில் கைவைத்தார்: ஏறக்குறைய எல்லா நாடுகளும் சாசனத்தில் இருக்கையில், சாசனத்துக்கு வெளியே எந்த நடைமுறையைத் தேடுவது? 1969-இல் இதே நீதிமன்றம் கேட்ட கேள்விதானே இது?

ஆனால் நடைமுறையை மட்டுமே நிறுத்துப் பார்த்தால் யாருக்கு லாபம்? 2021 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று லட்சத்தீவுக்கு மேற்கே, இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள், அனுமதி கேட்காமல் பயணித்தது. அதை அமெரிக்கக் கடற்படையே அறிவித்தது. கடல்சட்ட உடன்படிக்கையில் சேராத நாடு, கப்பலை ஓட்டியே கடல்வழி உரிமையை நிலைநாட்டுகிறது. இந்தியா எதிர்ப்பைத் தெரிவித்தது. கப்பல் இல்லாத நாட்டுக்கு அறிக்கையும் பொதுச்சபை வாக்கும்தான் உண்டு. அவற்றைச் சான்றாக ஏற்காவிட்டால் வழக்காறு கடற்படை வைத்திருப்பவர்களின் சொத்தாகிவிடும்.

நிகரகுவா தீர்ப்பின் இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. ஒரு நாடு விதியை மீறிவிட்டு 'இது தற்காப்பு' என்று விதிவிலக்கைச் சொல்லித் தப்பப் பார்த்தால், அந்த விதியை அது ஒப்புக்கொள்கிறது என்றே பொருள். அமெரிக்காவும் எல் சால்வடோரின் கூட்டுத் தற்காப்பு என்றுதான் சொன்னது. பலப்பிரயோகத்துக்குத் தடையே இல்லை என்று சொல்லவில்லை. நீதிமன்றம் இந்த வாதத்தை விரிவாகச் சான்று அடுக்கி வளர்த்திருக்க வேண்டும். ஒரே பத்தியில் முடித்துக்கொண்டது.

ஆகவே, 1986-இன் முடிவு சரி. அதற்குக் காட்டிய சான்று போதாது. 1969-இன் கறார் முறை எல்லைக்கோட்டுத் தகராறுக்குப் பொருந்தும். பலப்பிரயோகத் தடைக்கு அதை அப்படியே நீட்டினால் மீறுபவர்களே விதியை அழிக்கும் உரிமை பெறுவார்கள். நாடுகளின் சொல்லைச் சான்றாக ஏற்கலாம். ஆனால் எந்த நாடு, எப்போது, எந்தச் செயலுக்குச் சாக்காக அதைச் சொன்னது என்று நீதிமன்றம் வரிசையாக எழுதிக் காட்ட வேண்டும். சர்வதேசச் சட்ட ஆணையம் வழக்காறு குறித்து 2018-இல் ஏற்ற 16 முடிவுரைகளும் நடைமுறையையும் சட்ட உணர்வையும் தனித்தனியே நிறுவக் கோருகின்றன. நிகரகுவா தீர்ப்பு அந்தத் தேர்வில் பாதி மதிப்பெண்தான் பெறும்.