விரல் படாத எண்ணிக்கை

தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ 1954இல் வந்தது. 1934 முதல் 1943 வரை அவர் திருச்சி புத்தூர் பிஷப் ஹீபர் பள்ளியில் தமிழாசிரியர். எங்க ஊர்க்காரங்களுக்கு அதனாலேயே அந்தப் புத்தகத்தின்மேல் ஒரு பாசம். எனக்கும் உண்டு. ஆண், பெண், பகல், இரவு என்று ஆட்டங்களைப் பிரித்து அடுக்கியிருக்கிறார். ஊர், சேரி என்ற பிரிவுதான் இல்லை.

யாரு புடிக்கிறது என்று வட்டமாக நின்று எண்ணும் பாட்டுகளைப் பொருளற்ற ஓசை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இல்லையென்றால் பழமை தேடுவது. 1888இல் அமெரிக்காவில் இவற்றைத் தொகுத்த ஹென்றி காரிங்டன் போல்டன், ஆதிகாலக் குறிகேட்டலின் மிச்சம் என்றார். நம்ம தமிழ்த்துறைக்கும் இதே வியாதி. கழங்கு என்றால் சங்கத்துக்கு ஓடுவோம். புறநானூறு 36இல் பெண்கள் பொன்னாலான கழங்கு ஆடுகிறார்கள். சரி. எங்க தெருப் பொண்ணுங்க தண்டவாளத்து ஜல்லியில அஞ்சாங்கல் ஆடினாங்க. பொன்னுக்கும் ஜல்லிக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு எம்.ஏ. வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

எண்ணும் பாட்டு நடுநிலையானது என்பதை நான் ஏற்கவில்லை. எட்டுத் தட்டு உள்ள பாட்டு ஐந்து பேர் வட்டத்தில் மூன்றாவது ஆள்மேல் முடியும். நாலு பேர் என்றால் நாலாவது ஆள்மேல். யாரிடம் தொடங்குவது என்பது எண்ணுகிறவன் கையில். வேண்டாத இடத்தில் முடிந்தால் இன்னொரு அடியை ஒட்டிக்கொள்வான். கென்னத் கோல்ட்ஸ்டீன் பிலடெல்பியா குழந்தைகளிடம் இதையே கண்டு 1971இல் எழுதினார். நாம் பாடபேதம் என்று குறித்துவைப்பதில் சில இப்படிப் பிறந்தவையாகத்தான் இருக்கும். மறதியில் வந்தவை அல்ல, தேவையில் வந்தவை.

அமெரிக்காவில் பரவிய ஆங்கில எண்ணும் பாட்டு ஒன்றில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டுப் புலியை வைத்தார்கள். புலி வந்ததால் வட்டத்துக்குள் எல்லாரும் வந்துவிட்டார்களா?

ஸ்ரீரங்கத்து வீதியில் விளையாடப் போனால் எனக்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ பட்டம். (ஊனமுற்றவரை இழிக்கும் சொல் வேறு!) சில நாள் என்னையும் சேர்த்து எண்ணுவாங்க. மத்தவங்க நெஞ்சுல விரல் படும். எங்கிட்ட வர்றப்ப அரைச்சாண் தள்ளிக் காத்துல நிக்கும். பாட்டு ஒன்றுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. பாடபேதம் விரலில் இருந்தது.

பாட்டு சேகரிக்கப் போகிற தோழர்கள் யாரு எண்ணினது, விரல் எங்கே பட்டது, யாரைத் தாண்டிப் போச்சு என்பதையும் நோட்டில் எழுதிட்டு வாங்க.