கொள்முதல் ஆணையும் ஒரு நாவலின் முடிவும்

தனக்கு ஒவ்வாத கருத்தை ஒரு அரசு தடை செய்யலாம். அல்லது அதற்கு எதிரானதை மொத்த விலைக்கு வாங்கலாம். தடையைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கொள்முதலைப் பற்றி நாம் பேசியதெல்லாம் பெரும்பாலும் வம்புதான். விமர்சனத் தளத்துக்கு அது வந்து சேரவில்லை.

கொள்முதல் எப்படி இயங்குகிறது என்பதற்கு இத்தாலியின் தூரின் நகரம் ஸ்தூலமான உதாரணம். 1953இல் ரோமுக்கு அமெரிக்கத் தூதராக வந்த கிளேர் பூத் லூஸ், மறு ஆண்டே ஒரு நிபந்தனையை வெளிப்படுத்தினார்: ஆலைத் தேர்தலில் கம்யூனிஸ்ட் சார்புச் சங்கம் பெரும்பான்மை பெறும் ஆலைகளுக்கு அமெரிக்க ராணுவக் கொள்முதல் ஒப்பந்தம் கிடையாது. ஃபியட் அப்போது கார் மட்டும் செய்யவில்லை. போர் விமானமும் செய்தது. 1954இல் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற அந்தச் சங்கம், 1955 மார்ச்சில் 40க்கும் கீழே இறங்கியது. ஒப்பந்தம் மட்டுமே காரணமல்ல. நிர்வாகத்தின் பழிவாங்கல் இருந்தது. தலைமை தொழிலாளியை விட்டு விலகிப்போயிருந்ததும் இருந்தது. இதைப் பிற்பாடு தொழிற்சங்கத் தலைவர் தி வித்தோரியோவே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒப்பந்தத்தின் சூக்ஷ்மம் கவனிக்கத்தக்கது. அது யாரையும் இப்படி வாக்களி என்று சொல்லவில்லை. கணக்கைத் தொழிலாளியே போட்டுக்கொள்ளும்படி விட்டுவிட்டது.

கல்வராயன் மலையடியில், கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பைப் பதிந்துவிட்டுக் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்டருக்காகக் காத்திருப்பவனின் பேச்சில், யாரும் மிரட்டாமலே, ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

இதே ஆண்டுகளில்தான் புத்தகமும் கொள்முதல் பண்டமாயிற்று. பதிப்பாளரிடம் குறிப்பிட்ட பிரதிகளை வாங்கிக்கொள்வதாக உறுதி தருவது அமெரிக்கத் தகவல் இலாகாவின் மொழிபெயர்ப்புத் திட்டம் பல நாடுகளில் கையாண்ட முறை. அதன் ஆதரவில் தமிழிலும் அமெரிக்க நூல்கள் மலிவாக வந்தன. மறுபக்கம் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அதைவிட மலிவாகக் கார்க்கியையும் செகாவையும் தந்தது. அந்த விலையும் ஒரு அரசு கொடுத்த விலைதான். இடதுசாரிகள் க.நா.சு.வை அமெரிக்கச் சார்பு என்றார்கள். எதிர்த்தரப்பு அவர்களை மாஸ்கோவின் குரல் என்றது. இரு தரப்பும் படைப்பை விட்டுவிட்டு ரசீதைப் படித்தன. இன்னொரு தரப்போ, கலைக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. இது முதலிரண்டைவிட மோசமான சோம்பல்.

க.நா.சு. தமிழாக்கிய ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யையே எடுத்துக்கொள்வோம். 1944இல் அதன் கைப்பிரதி ஃபேபர் நிறுவனத்துக்குப் போயிற்று. திருப்பி அனுப்பியவர் டி.எஸ். எலியட். சோவியத் யூனியன் பிரிட்டனின் நேசநாடாக இருந்த நேரம் அது. மறு வருஷம் நாவல் வேறு பதிப்பகத்தில் வெளிவந்தது. சில ஆண்டுகளில் காற்று மாறியது; சி.ஐ.ஏ. ரகசியமாகத் திரைப்பட உரிமையை வாங்க ஏற்பாடு செய்தது. 1954இல் கார்ட்டூன் படம் வெளிவந்தது. ஒரு அரசின் வசதிக்கு உதவாத அதே பிரதி இன்னொரு அரசின் வசதிக்கு உதவிற்று. அப்படியானால் பிரதியின் மேல் பணத்தின் சுவடே இல்லையா? இருக்கிறது. படத்தின் முடிவில் இருக்கிறது. நாவலின் கடைசியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கும் பிராணிகளுக்கு யார் எது என்று பிரித்தறிய முடியவில்லை. படத்தில் அந்த மனிதர்கள் இல்லை. பன்றிகள் மட்டும் இருக்கின்றன; அவற்றை எதிர்த்துப் பிராணிகள் கிளர்ந்தெழுகின்றன. ஆர்வெல் இரு பக்கத்தையும் நோக்கி நீட்டிய விரலில் ஒரு பக்கம் மடக்கப்பட்டுவிட்டது. வாங்கியவனுக்கு வேண்டாதது அந்தப் பக்கம்தான்.

விமர்சகனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. யார் வாங்கினான் என்று கேட்டு நிறுத்தினால் நாவலும் படமும் ஒன்றாகிவிடும். என்ன விடுபட்டது என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடு. முடிவு முறிக்கப்பட்டிருந்தால் சொல். இல்லையென்றால் மொழிபெயர்த்தவனை விட்டுவிடு. கார்க்கிக்கும் இதே அளவுகோல்தான். 1991இல் சோவியத் யூனியனே மறைந்தது. செகாவ் நம் அலமாரியில் இருக்கிறார், எந்த ஆர்டரின் தயவும் இல்லாமல்.

இந்தக் கேள்வியை நம் பக்கமும் திருப்ப வேண்டும். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழி, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் நூலக ஆர்டர் வருகிறது. இது வேண்டியதுதான், அது இல்லாவிட்டால் கள்ளக்குறிச்சிக் கிளை நூலகத்தில் கவிதைத் தொகுப்பே இருக்காது. ஆனால் தேர்வுக்குப் போகும் பிரதியிலிருந்து எந்தக் கவிதையை நாமே கழற்றி வைத்தோம் என்பது எந்த ஆணையிலும் பதிவாவதில்லை. தூரின் தொழிலாளி போட்ட அதே கணக்கு, கவிஞன் தனியாக உட்கார்ந்து போடுவது.

தூரின் கணக்கு நிலைக்கவில்லை. 1962 ஜூலையில் ஃபியட் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள்; 1969இல் இன்னும் பெரிதாக. ஒப்பந்தம் வாங்கியது ஒரு தேர்தலின் வாக்கை. கழற்றி வைத்த கவிதைக்கு அப்படியொரு 1962 தானாக வராது. எழுதியவனே அதைத் திரும்ப எடுத்து அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.