சரிக்குச் சரியான எதிராளி

ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் சீட்டாட்டத்தில் ரக்னரோஸ் என்றொரு சீட்டு உண்டு. எட்டு மானா (சீட்டை இறக்கச் செலவிடும் புள்ளி) கொடுத்து இறக்கினால் நெருப்புப் பிரபு களத்தில் எழுந்து நிற்பார். தானாகப் போய் யாரையும் தாக்க மாட்டார். ஆனால் நம் முறை முடியும்போதெல்லாம் எதிர்த்தரப்பில் யாராவது ஒருவர்மேல் எட்டுப் புள்ளி அடி விழும். அது யார் என்பது குலுக்கல்.

எதிராளியின் தலைவரை வீழ்த்தினால் வெற்றி; அவருக்கு ஏழு உயிர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முன்னால் மூன்று சில்லறை வீரர்கள். நம்மிடம் ரக்னரோஸைத் தவிர, தலா இரண்டு புள்ளி அடிக்கும் இரண்டு ஆட்கள். புதிதாக ஆடுகிறவர் அந்த இருவரையும் தலைவர்மேல் ஏவுவார். உயிர் ஏழிலிருந்து மூன்றாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எட்டுப் புள்ளி அடிக்கு ஏழும் ஒன்றுதான், மூன்றும் ஒன்றுதான். அது தலைவர்மேல் விழ இன்னமும் நாலில் ஒரு வாய்ப்புதான். கை தேர்ந்தவர் தலைவரைத் தொடவே மாட்டார். தன் இரண்டு ஆட்களை வைத்து மூன்று வீரர்களில் இருவரைக் காலி செய்துவிட்டு முறையை முடிப்பார். வாய்ப்பு இப்போது இரண்டில் ஒன்று. அதன் பிறகும் அடி மிச்சமிருந்த அந்த ஒரு வீரன்மேல் விழுந்து ஆட்டம் கைவிட்டுப் போகலாம். போனாலும் ரசிகன் கைதட்ட வேண்டிய இடம் அதுதான்.

குலுக்கல் என்றாலே சூது என்று தோன்றலாம். பெங்களூரின் அல்சூர் ஏரியருகே 2009 முதல் சிலையாக வீற்றிருக்கும் வள்ளுவர், சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். அவர் கண்டித்தது பணயம் வைக்கும் ஆட்டத்தை. அந்த வட்டாரத்தில் யாராவது இரவு பதினொரு மணிக்கு மொபைலில் ஹார்த்ஸ்டோனைத் திறந்தால், எங்கோ தைவானிலோ கொரியாவிலோ இருக்கும் ஒருவரோடு மோதலாம். பணயம் எதுவும் கிடையாது. (சீட்டுப் பொட்டலம் வாங்கக் காசு கரையும். பொட்டலத்துக்குள் எந்தச் சீட்டு என்ற குலுக்கல் வேறு கதை.)

அதிர்ஷ்டமா, திறமையா என்ற வழக்கு நமக்குப் பழையது. மூன்று சீட்டு வேறு, ரம்மி வேறு; விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கவும் திறமை வேண்டும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலான மனமகிழ் மன்றங்கள் இன்றுவரை நம்பி நிற்பது அந்தத் தீர்ப்பைத்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க கர்நாடக அரசு 2021இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று ரத்து செய்தபோதும் இதே வாதம் எழுந்தது. 2025இல் மத்திய அரசு ஆன்லைன் பண ஆட்டங்களை மொத்தமாகத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியாக அங்கீகரித்தது.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கேள்வி ஹார்த்ஸ்டோனிலும் முதல் கையிலேயே வருகிறது. கட்டுக்கு முப்பது சீட்டு. முதலில் ஆடுகிறவர் கைக்கு மூன்று வரும். வேண்டாதவற்றைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பிரதி வைத்திருக்கும் ஒரு முக்கியச் சீட்டு முதல் மூன்றில் வர 19 சதவீத வாய்ப்பு. வராதபோது மூன்றையும் தூக்கிப் போடத் துணிந்தால் மொத்த வாய்ப்பு ஏறத்தாழ 37 ஆகிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒரு சீட்டைக் கையைவிட்டு அனுப்ப மனசு வராமல்தான் பலரும் அந்த வித்தியாசத்தை இழக்கிறார்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வெளிவந்த, இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியான மேஜிக்கில், மானா தரும் நிலச் சீட்டு வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2014இல் வந்த ஹார்த்ஸ்டோன் அந்தத் தொல்லையை ஒழித்து, முறைக்கு ஒரு மானா தானாகக் கூடும்படி செய்தது. ஒரு வாசலில் வெளியே தள்ளிய அதிர்ஷ்டத்தை ரக்னரோஸ் போன்ற சீட்டுகள் வழியாக வேறு வாசலில் உள்ளே அழைத்தது என்றும் சொல்லலாம்.

இதையெல்லாம்விட நுட்பமான கைவேலை, ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது: எதிராளியைத் தேடித் தருவது. அதன் மூதாதை சதுரங்கத்தில் இருக்கிறது. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. அதன்படி 200 புள்ளி அதிகமுள்ளவர் நூற்றுக்கு 76 பங்கு எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஹார்த்ஸ்டோனும் ஆட்டக்காரருக்குக் காட்டாமல் ஒரு தரப்புள்ளியை வைத்திருக்கிறது. மாதத் தொடக்கத்தில், முந்தைய ஆட்டத்துக்காகக் கிடைக்கும் நட்சத்திரச் சலுகை தீரும்வரை அதை வைத்து ஜோடி சேர்க்கும். பிறகு வெண்கலம், வெள்ளி என்று கண்ணுக்குத் தெரியும் படிநிலையைப் பார்க்கும்.

வேடிக்கை இங்கேதான். பொருத்தம் எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவுக்கு ஆட்டம் அதிர்ஷ்டம்போலத் தோன்றும். இருவர் திறமையும் ஒன்றையொன்று அடித்துவிட்டால், மீதி நிற்பது சீட்டு விழுந்த விதம் மட்டும்தானே! தேறத் தேற எதிராளியும் தேறியவராகவே வருகிறார். வெற்றி விகிதம் ஐம்பதைச் சுற்றியே நொண்டுகிறது. உடனே, கம்பெனி ஏதோ தில்லுமுல்லு செய்கிறது என்ற புலம்பல். அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டதும் உண்டு. ஆட்டக்காரரைப் பொருள் வாங்கத் தூண்டும்படி ஜோடி சேர்க்கும் ஒரு முறைக்கு 2017இல், ஹார்த்ஸ்டோனைத் தயாரிக்கும் பிளிசார்டின் குழுமத்தைச் சேர்ந்த ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எந்த ஆட்டத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. பெரும்பாலான புலம்பலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சரிக்குச் சரியான எதிராளி கிடைத்ததே காரணம்.

நூற்றுக்கு 55 ஆட்டம் ஜெயிக்கும் திறமைசாலியே ஐந்து ஆட்டத் தொடரை வெல்ல 59 சதவீத வாய்ப்புதான் உண்டு. அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒருவர் ஒரே கட்டோடு வராமல் பல கட்டுகளோடு வருவதும், எதிராளி அதில் ஒன்றைத் தடைசெய்வதும் வழக்கமாயிற்று. சீட்டு விழுவதற்கு முன்பே யோசனைக்கு இடம் கூடுகிறது.

இப்படிப்பட்ட களத்தில் பதக்கம் வாங்கியவர் நம் நாட்டில் ஒருவர் இருக்கிறார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், குஜராத்தின் பூஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோனில் வெண்கலம் வென்றார். தங்கம் ஹாங்காங்குக்கு, வெள்ளி இந்தோனேசியாவுக்கு. அடுத்த ஹாங்சோ போட்டியில் மின்விளையாட்டுக்கு முழுப் பதக்க அந்தஸ்து வந்தது. ஆனால் 2023 ஜனவரியில் பிளிசார்ட் நிறுவனத்தின் சீன ஒப்பந்தம் முடிந்து அங்கே சேவை நின்றதையடுத்து, ஹார்த்ஸ்டோன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஜகார்த்தாவில் அது வெறும் காட்சி விளையாட்டு என்பதால், மேத்தாவின் வெண்கலமும் இந்தியாவின் பதக்கக் கணக்கில் சேரவில்லை.