செண்பகத்துக்கும் வேம்புக்கும் நடுவே

பெங்களூரில் எந்தப் பகுதி பிடிக்கும் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் மல்லேஸ்வரம் என்பேன். மூன்று வருடம் வாடகைக்கு இருந்த ஊர். இப்போதும் ஏதாவது ஒரு வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறையாவது போய்விடுகிறேன். போனால் முதல் வேலை, விடியற்காலையில் சம்பிகே சாலையில் ஒரு நடை.

சம்பிகே என்றால் நம் செண்பகம். அதற்கு இணையாகவே ஓடுவது மார்கோசா சாலை. மார்கோசா என்பது வேம்பு. கசப்பைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு பக்கம் வாசனை, ஒரு பக்கம் கசப்பு. இந்த இரண்டு சாலைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எட்டாவது கிராஸ், பதினைந்தாவது கிராஸ். 'வீடு எங்கே?' என்று கேட்டால், 'பதினோராவது கிராஸ்' என்று சொன்னால் போதும், கேட்டவர் மனசுக்குள் அந்தத் தெரு மரத்தோடு வந்து நிற்கும். புங்கை, தூங்குமூஞ்சி, ஜக்கராண்டா என்று தெருவுக்குத் தெரு நிழல் மாறும். புங்கையைக் கன்னடத்தில் ஹொங்கெ என்பார்கள். நம் 'ப' அங்கே 'ஹ' ஆகிவிடுகிறது. பூ ஹூவு ஆனதும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த ஊர்க் கடைப் பலகைகளைப் படிப்பதே எனக்குப் பெரிய இன்பமாகிவிட்டது.

இத்தனை பசுமையான இடம் வளர்ந்த கதை பயங்கரமானது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. பழைய பேட்டையின் சந்துகளில் வீட்டோடு வீடு ஒட்டி, காற்றும் வெளிச்சமும் புகாமல் ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். எலி செத்து விழுந்த வீட்டில் அடுத்து மனிதர்கள் விழுந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நகரத்துக்கு வெளியே, வடக்கே மல்லேஸ்வரமும் தெற்கே பசவனகுடியும் வேகமாக வளர்ந்தன. அகலமான நேர் சாலைகள், வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்கு இடம், வீடுகளுக்குப் பின்னால் துப்புரவுப் பணிக்கென்றே ஒரு சின்னச் சந்து. அதை இன்றும் 'கன்சர்வன்சி லேன்' என்றே சொல்கிறார்கள். நான் குடியிருந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் அந்தச் சந்துதான். யார் வீட்டு மதிலிலிருந்தோ சரிந்த மாங்கிளை, அதன் கீழே தூங்குகிற இரண்டு பூனைகள். கொள்ளை நோய்க்குப் பயந்து விட்ட இடைவெளியில் இன்று அணில் ஓடுகிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

ஊர்ப் பெயர் அதைவிடப் பழையது. அந்தப் பெயரைத் தந்த காடு மல்லேஸ்வரர் கோயில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கன்னடத்திலும் காடு காடுதான். 1669இல் இந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே மானியமாக விட்டவர் சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி. ஆம், சில ஆண்டுகளில் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கினாரே, அதே ஏகோஜிதான். தஞ்சாவூர்க்காரர்கள் யாரையாவது அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனால் நான் தவறாமல் சொல்லும் செய்தி இது. எதிரே தெற்கு பார்த்த நந்தி கோயில். மண் மூடிக் கிடந்ததை 1997இல் தோண்டி எடுத்தார்கள். நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் வந்து கீழே இருக்கிற லிங்கத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து குளத்துக்குப் போகிறது. கல்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வெளியே பேருந்துகள் உறுமுவது காதில் விழாது.

எட்டாவது கிராஸ் இன்னொரு உலகம். வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள் அங்கே போயிருக்கிறீர்களா? வாழைக்கன்று, தாழம்பூ, மாவிலை, மஞ்சள் கொத்து, நடக்க இடமில்லாமல் ஜனம். ஒரு வருடம் பூக்கார அம்மா ஒருவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விலை கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "முழம் நாப்பது ரூபா சாமி, ஒங்களுக்கு எத்தினி மொழம்?" என்றார். நான் தமிழ் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மல்லிகையை இழுத்து அளந்தார். அளந்து முடித்து, அதற்கு மேல் நாலு விரல் விட்டே நறுக்கினார். கூடவே ஒரு செண்பகத்தையும் இலையில் வைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த ஒரு பூ இரண்டு நாள் வீடு முழுக்க மணத்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மார்கோசா சாலையும் ஏழாவது கிராஸும் சந்திக்கிற இடத்தில் சிடிஆர் என்ற சிற்றுண்டிக் கடை. புதுப் பெயர் ஸ்ரீ சாகர் என்றாலும் எல்லார் வாயிலும் சிடிஆர்தான். அங்கே பெண்ணெ மசால் தோசை. நம் வெண்ணெய்தான் அவர்களுக்குப் பெண்ணெ. மேலே கருஞ்சிவப்பாக முறுகி, நகத்தால் தட்டினால் சத்தம் வரும். பிய்த்தால் உள்ளே பஞ்சு. விரலில் ஒட்டிய நெய்ப்பசை கழுவினாலும் போகாது. அதை விட்டால் பதினைந்தாவது கிராஸில் வீணா ஸ்டோர்ஸ். உட்கார இடம் கிடையாது. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நடைபாதையில் நின்றபடிதான் இட்லி. பக்கத்தில் நிற்பவர் விஞ்ஞானியாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுகிறவராக இருக்கலாம். அந்த இட்லிக்கு ஈடாக வேறெதையும் பெங்களூரில் நான் சாப்பிட்டதில்லை.

விஞ்ஞானி என்றதும் சி.வி. ராமன் நினைவு வருகிறது. திருச்சியில் பிறந்தவர், 1933இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து பெங்களூர்வாசியாகவே ஆகிவிட்டார். மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டின் பெயர் 'பஞ்சவடி'. மரங்கள் அடர்ந்த வளாகம். அந்த மதிலோரம் நடக்கும்போதெல்லாம் என் நடை தானாக மெதுவாகும். கனரா யூனியன் மண்டபமும் இங்கேதான். ஒரு காலத்தில் கல்யாணம் இல்லாத நாட்களில் அதுவே இறகுப்பந்து ஆடுகளமாக இருந்தது. அங்கே பயின்ற பிரகாஷ் படுகோன் 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார். சற்றுத் தள்ளி சௌடையா நினைவு மண்டபம். ஏழு தந்தி வயலின் வாசித்த மேதைக்கு வயலின் வடிவத்திலேயே கட்டிடம்! மாலையில் காற்று வாங்க 1882இல் வெட்டிய சாங்கி ஏரி இருக்கிறது.

பழைய ஓட்டு வீடுகள் குறைந்துகொண்டே வருவது உண்மை. ஜன்னலுக்கு மேல் கூர்முனையோடு மரக்கூரை வைத்த பங்களாக்களை 'மங்கி டாப்' என்பார்கள். நான் இருந்த தெருவில் அப்படி இரண்டு இருந்தன. போன முறை போனபோது ஒன்றுதான் மிச்சம். பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதனால் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். பெங்களூருக்கு வேலையாகப் போகிறவர்கள் ஒரே ஒரு காலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆறு மணிக்குள் சம்பிகே சாலையில் இருங்கள், காரில் போகாதீர்கள், எட்டாவது கிராஸில் ஒரு செண்பகம் வாங்கிக்கொள்ளுங்கள். மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறினால் சம்பிகே சாலை அடுத்த நிறுத்தம்தான்.