கதை வருவதற்கு முன்பு வாசித்தது

எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை நான் முதலில் கேட்டதே ஒரு கதையோடு சேர்த்துத்தான். செல்லோ வாசித்தவர் ஜாக்குலின் டு ப்ரே. 28 வயதில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோய் என்று தெரிந்தது, வாசிப்பு நின்றது, 42 வயதில் இறந்துபோனார். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் தட்டைப் போட்டார்கள். அழாமல் இருக்க முடியுமா? அழுதேன். எதைக் கேட்டு அழுதேன் என்பதுதான் பிற்பாடு உறுத்தியது.

அந்தப் பதிவு நடந்தது 1965 ஆகஸ்டில், லண்டன் கிங்ஸ்வே ஹாலில். (கூடத்துக்கு அடியில் அப்போது பாதாள ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எடுத்த சில தட்டுகளில் அதன் உறுமலும் பதிவாகியிருக்கிறது.) டு ப்ரேக்கு அப்போது வயது 20. நோய் கண்டுபிடிக்கப்பட இன்னும் எட்டு வருடம் இருந்தது. அந்த வாசிப்பில் நாம் கேட்கிற மரணம் அவர் போட்டதல்ல, நாம் கொண்டுபோய் வைத்தது.

அப்படியானால் அதிலுள்ள துக்கம் யாருடையது? எல்கர் இதை எழுதி முடித்தது 1919இல், முதல் உலகப்போர் ஓய்ந்த கையோடு, அறுபதைத் தாண்டிய வயதில். அந்த அக்டோபரில் நடந்த முதல் அரங்கேற்றம் போதிய ஒத்திகையில்லாமல் சொதப்பியது. அன்று லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் செல்லோ வரிசையில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான்: ஜான் பார்பிரோலி. 46 வருடம் கழித்து அதே குழுவை நடத்திக்கொண்டு டு ப்ரேயின் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். எனக்கு இப்போது அதிகம் கேட்பது அவருடைய காத்திருப்பு. வில் எங்கே திரும்பும், எங்கே மூச்சு விடும் என்று செல்லோக்காரருக்குத் தெரியும். இசைக்குழு அவருக்கு முன்னால் ஓடுவதேயில்லை.

தொடக்கத்திலேயே நான்கு கனத்த சுரக்கூட்டங்கள். வில் தந்தியைக் கடிக்கிற சத்தம் அப்படியே விழுந்திருக்கிறது. பிறகு வயோலாக்கள் மட்டும், துணையே இல்லாமல், தலைகுனிந்து நடப்பதுபோல ஒரு மெட்டைக் கொண்டுவருகின்றன. டு ப்ரே அதை வாங்கி ஏறுகிறார், உச்சியைத் தொட்டதும் மொத்தக் குழுவும் உடைகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு அவர் வழுக்கிப் போவது, ஜாரு கேட்டுப் பழகிய காதுக்கு இயல்பாகவே படும். மிகை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது: எல்கரே. பியாட்ரிஸ் ஹாரிசனை வைத்து 1928இல் அவரே நடத்திய பதிவு ஏறக்குறைய ஐந்து நிமிடம் குறைவாக ஓடுகிறது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவரின் நடை அது.

முதல் பகுதியில் இப்போது நான் எல்கர் கட்சி. டு ப்ரேயிடம் அந்த மெட்டு சில இடங்களில் தன் பாரத்தைத் தானே ரசிக்கிறது. ஆனால் கடைசிப் பகுதியின் முடிவுக்கு முன்னால், வேகமெல்லாம் வடிந்து, மூன்றாம் பகுதியின் மெட்டு நினைவுபோலத் திரும்புகிறதே, அங்கே பார்பிரோலியும் டு ப்ரேயும் எடுத்துக்கொள்கிற நேரம் முழுக்க நியாயம். அதன்பின் பழைய சுரக்கூட்டங்கள் திரும்பி வந்து, கதவைச் சாத்தியதுபோல எல்லாம் முடிகிறது. அந்தச் சாத்தல் அடிபட வேண்டுமென்றால் அதற்குமுன் யாராவது கதவருகே நின்றிருக்க வேண்டும்.

இரண்டாம் பகுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாலரை நிமிடம். முதலில் தந்தியை விரலால் சுண்டுகிறார், ஒரு சின்னத் துடிப்பை முயன்று பார்க்கிறார், நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார், அப்புறம் பிடி கிடைத்ததும் ஒரே ஓட்டம். ஒரே சுரத்தை அடுக்கடுக்காகத் தட்டிக்கொண்டு, இசைக்குழுவை வம்புக்கிழுத்துக்கொண்டு. இதில் எந்தக் கதையையும் என்னால் பொருத்த முடியவில்லை. கைக்கு வருகிறது என்று தெரிந்த ஒருத்தி வாசிக்கிறாள், அவ்வளவுதான். தட்டைப் போட்டால் இப்போதெல்லாம் நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.